ஆலோசகர் யார் பக்கம்?

கம்பெனி வாங்குவது, விற்பது, இணைப்பது பற்றி இம்மாதம் நிறையக் கடிதங்கள். கோலாலம்பூரில் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் வேலையில் பல காலம் இருந்துவிட்டு, சொந்த ஊரான சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி அலுவலகம் போட்டவள் நான். நேராகச் சொல்வேன் என்று நம்பிக் கேட்கிறீர்கள். அப்படியே சொல்கிறேன்.

*

கேள்வி: வணக்கம் தங்கச்சி. லிந்தாங் சாலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றுகிறோம். எட்டு லோரி ஓடுகிறது. எனக்கு வயது 62. பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில். இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து, "நான் இன்வெஸ்ட்மெண்ட் பேங்க் ஆள், 20 லட்சம் வெள்ளிக்கு ஆள் பிடித்துத் தருகிறேன்" என்கிறார். முன்பணம் 15,000 வெள்ளி. விற்றால் 5 விழுக்காடு. இரண்டு வருடம் வேறு யாரிடமும் நான் பேசக்கூடாதாம். கையெழுத்துப் போடலாமா?
— லோரி உரிமையாளர், சுங்கை சிப்புட்

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள் அண்ணே. முதலில் அந்த மனிதர் சொல்வது உண்மையா என்று பாருங்கள். நம் நாட்டில் இன்வெஸ்ட்மெண்ட் பேங்க் என்று பெயர் வைத்துக்கொள்ள பேங்க் நெகாராவும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனும் அனுமதி தர வேண்டும். செக்யூரிட்டிஸ் கமிஷனின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. மகனிடம் சொன்னால் சிங்கப்பூரில் இருந்தபடியே இரண்டு நிமிடத்தில் தேடிச் சொல்லிவிடுவார். அதே தளத்தில் உரிமம் இல்லாமல் தொழில் செய்பவர்களைப் பற்றிய எச்சரிக்கைப் பட்டியலும் உண்டு. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பெரிய பேங்குகள் எடுக்கும் வேலையெல்லாம் பல கோடி வெள்ளிக் கணக்கு. எட்டு லோரிக்கு அவர்கள் வரமாட்டார்கள். உங்கள் அளவுக்கு ஈப்போவில் உள்ள நல்ல கணக்காய்வு நிறுவனமோ சின்ன ஆலோசனை நிறுவனமோ போதும். அவர்கள் தங்களை பேங்க் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

சரி, ஆள் உண்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். முன்பணம் கேட்டாலே மோசடி என்று சொல்ல மாட்டேன். கணக்கைச் சீர்படுத்தி, கம்பெனியைப் பற்றிய விவரக் கோப்பு தயாரித்து, வாங்கக்கூடியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசுவது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. அதற்குக் கூலி கேட்பது நியாயம். ஆனால் வேலை நடக்க நடக்கப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும், கடைசியில் வரும் கமிஷனில் கழித்துக்கொள்ள வேண்டும், அந்த 15,000 வெள்ளிக்கு என்னென்ன எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்ளாதவர் முன்பணத்துக்காகவே வந்தவர்.

5 விழுக்காடு ரொம்ப அதிகமா என்றால், இந்த அளவுக்குப் பெரிய அநியாயம் என்று சொல்ல முடியாது. லேமன் பிரதர்ஸ் பேங்கின் பெயரால் வழங்கும் பழைய கணக்கு ஒன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: முதல் பத்து லட்சத்துக்கு 5 விழுக்காடு, அடுத்த பத்துக்கு 4, அதற்கடுத்து 3, பிறகு 2, அதற்குமேல் எவ்வளவு வந்தாலும் 1. அந்தக் கணக்குப்படி 20 லட்சத்துக்கு 90,000 வெள்ளி. அவர் கேட்பது ஒரு லட்சம். அந்த 10,000 வெள்ளி வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எந்தத் தொகையின் மேல் 5 விழுக்காடு என்பதுதான் பெரிது.

அந்த 20 லட்சம் எப்படி வருகிறது என்று ஓர் உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கணக்குப் புத்தகத்தில் வரிக்கு முந்தைய லாபம் 3,20,000 வெள்ளி என்று வைப்போம். லோரிக் கடன் வட்டி 60,000, லோரிகள் பழசாவதற்காகக் கணக்கில் கழிக்கும் தேய்மானம் 1,80,000. இரண்டையும் திரும்பச் சேர்த்தால் 5,60,000. மருமகனின் காருக்குக் கம்பெனி கட்டும் 24,000 தொழிலுக்குச் சம்பந்தமில்லாத செலவு, அதையும் சேர்க்கலாம். ஆனால் நீங்கள் மாதம் 3,000 வெள்ளிதான் சம்பளம் எடுக்கிறீர்கள். உங்கள் இடத்தில் ஒரு மானேஜரை வைத்தால் 8,000 ஆகும். வருடத்துக்கு 60,000 கழியும். மிச்சம் 5,24,000. வாங்குபவர் இதில் நாலு மடங்கு தர ஒத்துக்கொண்டால் 20,96,000. "20 லட்சம்" என்று அவர் சொல்வது இப்படி வந்திருக்கலாம்.

இப்போது லோரிக் கடன் பாக்கி 6,50,000 வெள்ளி இருந்தால் அதை வாங்குபவர் விலையிலிருந்து கழிப்பார். உங்கள் கைக்கு வருவது 14,46,000. கமிஷனை மொத்த விலையின் மேல் போட்டால் 1,04,800 வெள்ளி. கைக்கு வரும் தொகையின் மேல் போட்டால் 72,300. ஒரே 5 விழுக்காடுதான், வித்தியாசம் 32,500 வெள்ளி. ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறினால் இவ்வளவு பணம் இடம் மாறும். கமிஷன் எப்போது தருவது என்பதையும் எழுதுங்கள்: கையெழுத்தான அன்றைக்கு வேண்டாம், பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு.

வாங்க வருபவர் கெட்டிக்காரராக இருந்தால் தேய்மானத்தைத் திரும்பச் சேர்க்கும் இந்தக் கணக்கோடு நிற்க மாட்டார். லோரிகளுக்கு என்ன வயது என்று கேட்பார். பன்னிரண்டு வருட லோரி நாலு இருந்தால் சீக்கிரமே புதிது வாங்க வேண்டும், அந்தச் செலவையும் விலையில் பேசுவார். அப்புறம், ஆலைக்கு ஓட்டும் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்ப்பார். நம் ஊரில் பாதி வேலை முகத்துக்காக வருகிறது. நீங்கள் விலகினால் ஆலை மானேஜர் வேறு லோரியைக் கூப்பிடுவாரா என்பதுதான் அவருடைய பயம். அதனால் ஒரு வருடம் கூடவே இருங்கள் என்பார், விலையில் ஒரு பங்கைப் பிறகு தருகிறேன் என்பார். விற்பதற்கு முன்பே ஆலையோடு இரண்டு மூன்று வருட ஒப்பந்தம் எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பேரத்தில் உங்கள் கை ஓங்கும். தரகருக்குக் கொடுப்பதைவிட அதற்காக ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் மேல்.

இரண்டு வருடப் பூட்டு அதிகம். ஆறு மாதம் கொடுங்கள், நல்லபடி போனால் நீட்டலாம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள், அதாவது அந்த ஆலை, பக்கத்து ஊர் லோரிக்காரர் போன்றோரின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதி, அவர்களுக்கு விற்றால் கமிஷன் கிடையாது என்று சேருங்கள். கடைசியாக ஒரு கேள்வியை அவரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: "வாங்குபவரிடமிருந்தும் நீங்கள் பணம் வாங்குவீர்களா?" இரண்டு பக்கமும் கூலி வாங்குபவருக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை, பேரம் முடிந்தால் போதும். உங்களுக்கு வேண்டியது உங்கள் பக்கம் மட்டும் நிற்கிற ஆள்.

*

கேள்வி: அக்கா, நான் கணக்கியல் இறுதியாண்டு மாணவி. அம்மா தோட்டத்தில் வேலை செய்கிறார். இன்வெஸ்ட்மெண்ட் பேங்கில் கம்பெனி இணைப்புப் பிரிவில் சேர ஆசை. நம்மைப் போன்றவர்களை எடுப்பார்களா?
— மாணவி, கோல கங்சார்

பதில்: எடுப்பார்கள் தங்கச்சி. நான் சேர்ந்தபோது எனக்கும் சிபாரிசு கிடையாது. முதல் சில வருடம் எக்செல்லில் கம்பெனியின் கணக்கை ஐந்து வருடத்துக்கு முன்னோக்கிப் போடுவதும், விவரக் கோப்பு எழுதுவதும், வக்கீல்கள் கேட்கும் ஆவணங்களைத் தேடி அடுக்குவதும்தான் வேலை. இரவு நெடுநேரம் ஆகும், அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இப்போதே செய்யக்கூடியது ஒன்று: பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் இணையத்தளத்தில் பட்டியலிட்ட கம்பெனிகளின் இணைப்பு அறிவிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து அடிமுதல் நுனிவரை படித்து, விலை எப்படி வந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர்காணலில் அதைப் பற்றிப் பேசினால் உங்கள் ஊரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். இன்டெர்ன்ஷிப்புக்கு எழுதிய கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

*

கேள்வி: நானும் கணவரும் முறுக்கு, மிக்சர் செய்து பேராக் முழுவதும் கடைகளுக்குப் போடுகிறோம். செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனி. பெரிய கம்பெனி ஒன்று, "உங்கள் கம்பெனி வேண்டாம், பெயர், மெஷின், கடைவீடு மட்டும் போதும்" என்கிறது. அதில் ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா? பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள்.
— பலகாரத் தொழில் செய்பவர், சுங்கை சிப்புட்

பதில்: கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அது அவர்களுக்கு வசதியான வழி. கம்பெனியின் பங்குகளை வாங்கினால் அதன் பழைய பாக்கிகளும் கூடவே போகும்: வருமான வரி, ஊழியர் சேமநிதி பாக்கி, யாராவது போட்ட வழக்கு எல்லாம். சொத்தை மட்டும் வாங்கினால் அவை உங்களிடமே தங்கும். அவர்களுடைய ஆலோசகர் அவர்களுக்காக யோசித்துச் சொன்ன வழி இது. உங்களுக்காகவும் ஒருவர் யோசிக்க வேண்டும்.

வரியைப் பாருங்கள். நீங்களும் கணவரும் தனிநபராகப் பங்குகளை விற்றால், 1 மார்ச் 2024 முதல் வந்த மூலதன ஆதாய வரி உங்களுக்குப் பொருந்தாது. அது கம்பெனிகளுக்கும் கூட்டுறவு போன்ற அமைப்புகளுக்கும்தான். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. கம்பெனியின் சொத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நிலமும் கட்டடமுமாக இருந்தால் நிலச் சொத்து ஆதாய வரி வரலாம். குடிமக்களுக்கு முதல் மூன்று வருடத்தில் 30 விழுக்காடு, நாலாவது வருடம் 20, ஐந்தாவது 15, ஆறாவது வருடத்திலிருந்து இல்லை. உங்கள் கடைவீட்டுக்கு மெஷினைவிட எவ்வளவு மதிப்பு என்று கணக்காய்வாளரிடம் கேளுங்கள்.

சொத்தாக விற்றால் பணம் கம்பெனிக்குள் விழும். அதை டிவிடெண்டாக வெளியே எடுக்கும்போது, ஒருவருக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் போனால், மிஞ்சிய தொகைக்கு 2025 வரி ஆண்டிலிருந்து 2 விழுக்காடு. வாங்குபவருக்கும் செலவு கூடும்: கடைவீட்டை மாற்ற முத்திரை வரி 1 முதல் 4 விழுக்காடு வரை ஏறும், பங்கு மாற்றத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு 3 வெள்ளிதான். இதைச் சொல்லிப் பேரம் பேசலாம். ஹலால் சான்றிதழ் உங்கள் கம்பெனி பெயரில் இருப்பதையும் மறக்க வேண்டாம். அது வாங்குபவருக்குத் தானாகப் போகாது. அவர் புதிதாக எடுக்கும்வரை சரக்கு எப்படி ஓடும் என்பதை முன்கூட்டியே பேசுங்கள்.

உங்கள் கடிதத்தில் அந்தப் பதினான்கு பேரை நீங்களாகவே குறிப்பிட்டதில் எனக்கு மகிழ்ச்சி. பங்காக விற்றால் அவர்களுக்கு முதலாளி அதே கம்பெனிதான், ஒன்றும் மாறாது. சொத்தாக விற்றால் முதலாளி மாறுகிறார். 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை விதிப்படி, புதியவர் ஏழு நாளுக்குள் பழைய நிலைமைக்குக் குறையாத வேலையைத் தர முன்வர வேண்டும். அவர் தராவிட்டால் ஈட்டுத்தொகை உங்கள் பொறுப்பு: இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்து வருடத்துக்குள் என்றால் பதினைந்து நாள், அதற்குமேல் இருபது நாள். எல்லாரையும் எடுத்துக்கொள்கிறோம் என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. ஒவ்வொருவர் பெயரும் சேவைக்காலமும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருக்கட்டும்.

*

கேள்வி: அப்பா விட்டுப்போன பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன. அந்தக் கம்பெனியை முழுதாக வாங்கப் போகிறார்களாம். இரண்டு தடிப் புத்தகம் வந்தது. ஒன்றில் "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். இன்னொன்றில் விலை நியாயமில்லை, ஆனால் ஏற்கத்தக்கது என்று எழுதியிருக்கிறது. தலை சுற்றுகிறது.
— ஆசிரியை, செம்மோர்

பதில்: முதல் புத்தகம் வாங்குபவருடையது. அவர் அமர்த்திய பேங்க் எழுதியது. இரண்டாவது உங்களுக்காகவே வந்தது. கம்பெனியின் இயக்குநர்கள் அமர்த்தும் சுயேச்சை ஆலோசகர் எழுதுவது. யாராவது 33 விழுக்காட்டுக்கு மேல் வாக்குரிமைப் பங்குகளைப் பிடித்தால் மற்ற எல்லாருக்கும் விலை சொல்லியாக வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அப்போது இந்த இரண்டாவது புத்தகமும் கட்டாயம். அதைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும்.

விலை கம்பெனியின் மதிப்பைவிடக் குறைவு. இருந்தாலும் விற்காமல் இருப்பதில் உங்களுக்குச் சங்கடம் இருக்கிறது என்கிறார் அந்தச் சுயேச்சை ஆலோசகர். மதிப்புக் கணக்கு உள்ள பக்கத்துக்குப் போய், ஒரு பங்குக்கு அவர் போடும் மதிப்பையும் வாங்குபவர் தருவதாகச் சொல்லும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு, வாங்குபவர் கம்பெனியைப் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து எடுக்கப் போகிறாரா என்று பாருங்கள். எடுத்துவிட்டால் பிறகு விற்க இடமிருக்காது. விலை சொன்னதில் பத்தில் ஒன்பது பங்கு நாலு மாதத்துக்குள் அவர் கைக்கு வந்துவிட்டால் மிச்சத்தையும் கட்டாயமாக வாங்கச் சட்டம் இடம் தருகிறது. அதே நிலையில் நீங்களும் அவரை வாங்கச் சொல்லிக் கேட்கலாம். புத்தகம் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு, அவசரப்பட வேண்டாம். என் அபிப்பிராயம் கேட்டால், பட்டியலிலிருந்து எடுப்பது உறுதி என்றால் விற்றுவிடுவேன். பட்டியலில் நீடிக்கும் என்றால், இப்படி எழுதப்பட்ட விலைக்குக் கொடுக்க மாட்டேன்.

*

கேள்வி: அம்மா, நான் நெகிரி செம்பிலானில் கத்ரி தோட்டத்தில் பால்மரம் சீவியவன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். 1981இல் ஒரே காலையில் தோட்டத்தை வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கிவிட்டார்கள் என்று கிராணி சொன்னார். எப்படி முடிந்தது? எங்களுக்கு அதில் என்ன கிடைத்தது?
— ஓய்வுபெற்றவர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, அது நடந்தது 7 செப்டம்பர் 1981. கத்ரி 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய பிரிட்டிஷ் கம்பெனி, பங்குகள் லண்டன் சந்தையில் இருந்தன. நம் அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் அதில் ஏற்கெனவே ஓரளவு பங்கு வைத்திருந்தது. அந்த நிறுவனத்தின் தலைவர் துன் இஸ்மாயில் அலி, நிர்வாகத்தில் காலிட் இப்ராஹிம். லண்டனின் ரோத்சைல்ட் பேங்க் ஆலோசனை சொல்ல, பெரிய பங்குதாரர்களைத் தரகர்கள் காலையிலேயே பிடித்து நல்ல விலை சொன்னார்கள். நாலு மணி நேரத்துக்குள், ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து, பாதிக்கு மேற்பட்ட பங்கு பெர்மோடாலான் நேஷனல் கைக்கு வந்தது. கத்ரி இயக்குநர்கள் தங்கள் ஆலோசகர்களைக் கூப்பிட்டு உட்காருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு லட்சம் ஏக்கர் நிலம் நாட்டுக்குத் திரும்பியது. அது பெருமைதான், நான் மறுக்கவில்லை.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்றால், அன்றைக்கு ஒன்றும் மாறவில்லை. பங்குதாரர் மாறினார், முதலாளிக் கம்பெனி மாறவில்லை. சம்பளம் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோட்ட முதலாளிகள் சங்கமான மாப்பாவும் போட்ட கூட்டு ஒப்பந்தப்படியே போனது. பிறகுதான் மாற்றம் வந்தது. நிலத்தின் விலை பால் விலையைத் தாண்டிய இடங்களில் தோட்டங்கள் தாமான்களாயின. ஷா ஆலம் புக்கிட் ஜெலுத்தோங் அப்படி வந்ததுதான். 2006 கடைசியில் சிஐஎம்பி பேங்க் சினர்ஜி டிரைவ் என்று ஒரு கம்பெனியை அமைத்து, சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றையும் இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சுமார் 31 பில்லியன் வெள்ளி மதிப்பு. 2007 நவம்பரில் முடிந்தது. பத்து வருடம் கழித்து 2017இல் அதையே மூன்றாகப் பிரித்துப் பட்டியலிட்டார்கள். தோட்டப் பிரிவு 2024இல் எஸ்.டி. கத்ரி என்று பழைய பெயரை எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் ஒவ்வொரு பக்கமும் பேங்க், வக்கீல், கணக்காய்வாளர் என்று ஆட்கள் இருந்தார்கள். லயத்து வீடு என்ன ஆகும் என்று கேட்பதற்கு அந்த மேசையில் யாரையும் அமர்த்தவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தொழிலாளி தானே வாங்குபவராக உட்கார்ந்த காலமும் நமக்கு உண்டு ஐயா. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போக, வியாபாரிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அப்படிச் சேர்ந்த காசில்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். என் அப்பாவும் அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவர். மாதச் சம்பளம் முழுதாக வீடு வராத காலத்தில் அது சின்னக் காசு கிடையாது. பின்னாளில் நான் வேலை பார்த்த எந்தப் பெரிய பேரத்தையும்விட அந்தச் சங்கத்தின் கணக்கைத்தான் நான் மதிக்கிறேன். துண்டு போடுவதற்கும் பிறகு தடை வந்தது: 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைப் பலருக்குப் பிரித்து விற்க எஸ்டேட் நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு சொல்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் இருக்கும் தோட்டம் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால், அந்த அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி: அக்கா, கிளினிக் பொருள் விநியோகக் கம்பெனியை விற்றேன். வாங்கியவர் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கிறார். சொன்ன ஒரு வருடம் முடிந்தும் "கணக்கு பார்க்கிறோம்" என்கிறார்.
— வாசகர், ஈப்போ

பதில்: ஒப்பந்தத்தில் "உறுதிமொழிகள்" என்ற பகுதியையும் (கம்பெனியைப் பற்றி நீங்கள் உண்மை என்று உறுதி சொன்னவை), பிடித்து வைத்த தொகை பற்றிய பிரிவையும் எடுங்கள் தம்பி. உறுதிமொழி மீறல் இருந்தால் எத்தனை நாளுக்குள், எந்த வடிவில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தத் தேதிக்குள் அப்படி ஒரு கடிதம் வரவில்லை என்றால் அவர் பணத்தை விட்டாக வேண்டும். தொகை வக்கீல் கணக்கில் இருக்கிறதா, வாங்கியவர் கையிலேயே இருக்கிறதா என்பதும் முக்கியம். வக்கீலிடம் என்றால் நேராக அந்த வக்கீலுக்கே எழுதுங்கள். வாங்கியவர் கையில் என்றால், உங்கள் வக்கீல் மூலம் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்புங்கள். தாமதத்துக்கு வட்டி என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்தத் தொகையையும் கணக்குப் போட்டு அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.